வெங்காயம் போன வீதி

மாத்தளையிலிருந்து வடக்கே தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில், நாவுல வருவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது நாலந்தா. இலங்கைப் படத்தின் நட்டநடு இந்தப் பக்கத்தில்தான் விழுகிறது என்பார்கள். எந்தத் திசையில் போனாலும் கடலுக்கு வெகுதூரம். துறைமுகம் கிடையாது, தூதரகம் கிடையாது, விமானம் இறங்க இடம் கிடையாது. அப்படியிருந்தும் நாடுகள் ஒன்றோடொன்று செய்துகொண்ட ஒப்பந்தங்களும் போட்டுக்கொண்ட சண்டைகளும் இந்த வீதிக்கு வராமல் போனதில்லை. என் நினைவில் அவை முதலில் வந்தது வெங்காய லொறிகளில்.

1973, 74 காலம். அப்பா தோட்டத்து வேலையை விட்டு வீதியோரத் தேத்தண்ணிக் கடையொன்றில் நின்றார். பள்ளிக்கூடம் விட்டால் நானும் அங்கேதான். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கும் மலைநாட்டுக்கும் போகிற லொறிகள் கடைக்கு முன்னால் வந்து நிற்கும். சாக்குச் சாக்காகச் சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், சில நாளில் புகையிலை. விடிய விடிய ஓட்டி வந்த சாரதிகள் பிளேன்டீ குடித்துவிட்டு முகம் கழுவுவார்கள். ஒருவர் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி வெங்காயத்தை என் கால்சட்டைப் பைக்குள் போட்டு, "தம்பி, உதைக் கொண்டுபோய் அம்மாட்டக் குடு" என்றார். அவர் பேசின தமிழும் எங்கள் தமிழும் வேறு மாதிரி இருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன். வெங்காயத்தின் மணம் அந்தக் கால்சட்டையை விட்டுப் போகவேயில்லை.

அந்த லொறிகள் அவ்வளவு நெருக்கமாக ஏன் ஓடின என்பது வெகுகாலம் கழித்துப் படித்து அறிந்தது. தேயிலையின் உலக விலை வருஷக்கணக்காக இறங்கிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுச் செலாவணி கையில் இல்லாத அரசு, 1970க்குப் பிறகு வெங்காயம், மிளகாய் என்று இறக்குமதியை ஒவ்வொன்றாக நிறுத்தியது. 1972இல் சோவியத் யூனியன் அமெரிக்கக் கோதுமையைக் கப்பல் கப்பலாக வாங்க, உலகம் முழுக்கக் கோதுமை விலை ஏறியது. 1973 அக்டோபரில் மேற்காசியாவில் போர் வந்தது. அடுத்த சில மாதங்களில் எண்ணெய் விலை நான்கு மடங்கு. வெளியிலிருந்து வெங்காயம் வராததால் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணுக்கு மவுசு வந்தது. கிணற்றடியில் இயந்திரம் பூட்டி, இரவுபகலாக இறைத்து, படித்த இளைஞர்கள்கூட மிளகாய்த் தோட்டம் செய்தார்கள். கல்வீடுகள் எழுந்தன.

அதே தடை எங்கள் பக்கத்து லயங்களில் பட்டினியாக இறங்கியது. கூப்பன் அரிசி குறைந்தது. மாவும் பாணும் எட்டாத விலைக்குப் போயின. தோட்டத்து ஜனத்துக்கு மரவள்ளி நட ஒரு துண்டுக் காணியும் சொந்தமில்லை. 1974இல் தோட்டங்களில் இறப்பு எண்ணிக்கை ஏறியதை அரசாங்கப் புள்ளிவிபரங்களே காட்டுகின்றன. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோகக்கூடாது என்று வீதியில் தடை போட்டிருந்தார்கள். பொலிஸ்காரர் பஸ்ஸை மறித்துப் பெண்களின் மூட்டையை அவிழ்க்கச் சொல்வார். தம்புள்ளைப் பக்கத்து வயலிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்த அரிசியை என் சின்னம்மா அப்படிப் பறிகொடுத்தாள். அவள் அழுதது அரிசிக்கா, அத்தனை பேருக்கு முன்னால் மடியை அவிழ்த்ததற்கா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

என் அப்பாயிக்கு இதெல்லாம் புதிதில்லை. அவள் இறப்பர் மரத்தில் பால் வெட்டியவள். "சீனத்து அரிசிக்குத்தான்டா நான் பால் வெட்டுனேன்" என்பாள். கிழவியின் பேச்சு என்று சிரித்துவிட்டு ஓடுவோம். அவள் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. 1952இல் இலங்கையும் சீனாவும் இறப்பர் - அரிசி உடன்படிக்கை செய்தன. ஐந்து வருஷத்துக்கு, வருஷம் 50,000 தொன் இறப்பர் இங்கிருந்து போக, 2,70,000 தொன் அரிசி அங்கிருந்து வந்தது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம். செஞ்சீனாவுக்கு இறப்பர் விற்கிறவர்களுக்கு உதவி கிடையாது என்று அமெரிக்கா சொல்லியிருந்தது. அரிசி தேவைப்பட்ட ஒரு சின்ன நாடு அதை மீறிப் போனது. மாத்தளைக் காட்டில் விடியற்காலையில் சிரட்டை ஏந்திக்கொண்டு நின்ற எழுத்தறியாத பெண் ஒருத்திக்கு, தன் பால் எந்த நாட்டுக்குப் போகிறது, எந்த நாட்டு அரிசி வருகிறது என்று தெரிந்திருந்தது. அவளுக்கு வாக்குரிமை இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவளை எந்த நாட்டுக்கும் உரியவள் இல்லை என்று ஆக்கியிருந்தது.

பெரியப்பா இந்தியாவுக்குப் போனது இங்கேதான் நினைவுக்கு வருகிறது. 1964 அக்டோபர் 30, டெல்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும், மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்தப் பிறகு 1974 ஜனவரியில் வந்தது. இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அதே வருஷம் ஜூன் மாதம் கச்சத்தீவு இலங்கைக்கு என்று முடிவானது. சீனாவோடு 1962இல் போரிட்டுக் களைத்திருந்த இந்தியாவுக்குத் தெற்கே நட்பான அயலார் வேண்டியிருந்தது. அந்த நட்புக்கான விலையில் பெரும்பங்கை எங்கள் ஜனம் கட்டியது என்றே நான் நம்புகிறேன். எங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: எந்த நாட்டுக்கு விண்ணப்பம் போடுகிறாய்? இலங்கைக்கு விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கிய தொகையைவிட மிக அதிகம். அப்பா இலங்கைக்குப் போட்டார். பெரியப்பா, தோட்டத்தில் இனிப் பிழைக்க முடியாது என்று இந்தியாவுக்குப் போட்டார். ஒரே லயத்தில், ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் இருந்த அண்ணனும் தம்பியும்.

மாத்தளை ஸ்டேசனில் ரயில் ஏறினார்கள். தகரப் பெட்டிகள், அம்மிக்கல், ஒரு கோழிக்கூடு. பெரியம்மா அம்மிக்கல்லை விட மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் முகாமில் குடும்ப அட்டை. கடைசியில் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலேயே கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அவர்களுக்குச் சிலோன்காரங்க என்று பெயர். இங்கே இந்தியாக்காரன், அங்கே சிலோன்காரன். பெரியப்பா மகன், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், ரயில் ஜன்னலுக்குள் இருந்து, "கெடிகேயை உடைக்கும்போது எனக்கு எழுது" என்றார்.

கெடிகே நாங்கள் விளையாடின இடம். வீதியிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் வயல்களுக்கு நடுவே அந்தக் கற்கோயில் நிற்கும். எட்டாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டுக்குள் கட்டியது என்கிறார்கள். மாமல்லபுரத்துப் பல்லவர் கட்டடங்களின் சாயல், உள்ளே புத்தர். லாடம் போல வளைந்த கல் வளைவுக்குள் குபேரன் உட்கார்ந்திருப்பான். தென்னிந்தியச் சிற்பியின் கையும் மகாயான பௌத்தமும் சேர்ந்து எழுப்பிய இடம் என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதுகிறார்கள். அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் நாங்கள் புளியங்காய் தின்றோம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னர் கடல் கடந்து போன கப்பல்கள் வியாபாரச் சரக்கை மட்டும் ஏற்றிக்கொண்டு போகவில்லை என்பதற்கு இலங்கையில் இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

1975இல் அதைக் கல் கல்லாகப் பிரித்தார்கள். போவதென்ன அணையின் நீர் அந்த வயல்களை மூடப்போகிறது என்றார்கள். மகாவலி நீர் பொல்கொல்லையில் திரும்பி, மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்கு வந்து, சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையோடு போவதென்னவுக்கு வரும். அங்கிருந்து இன்னொரு சுரங்கம் அதை வடக்கே வறண்ட மண்ணுக்கும் கலாவாவிக்கும் அனுப்பும். 1960களில் ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர்கள் வந்து வகுத்துக்கொடுத்த பெருந்திட்டம். உலக வங்கியின் கடன். சோற்றுக்கு இனி வெளிநாட்டைப் பார்க்கக்கூடாது என்பதுதான் நோக்கம். அரிசி மூட்டை அவிழ்த்த அதே வீதியைத் தாண்டித்தான் அந்த வேலைக்கு இயந்திரங்கள் போயின. 1976 ஓகஸ்டில், சீனா கட்டிக்கொடுத்த மண்டபத்தில் அணிசேரா நாடுகளின் தலைவர்கள் கொழும்பில் கூடியபோது, கெடிகேயின் கற்கள் பிரிந்து கிடந்தன.

1980இல் குளத்தின் கரைமேல், உயரமான இடத்தில், அதை மறுபடி எழுப்பி முடித்தார்கள். அருமையாகச் செய்தார்கள். தொல்பொருள் திணைக்களத்துக்காரர் எந்தக் கல் எங்கே இருந்ததோ அங்கேயே வைப்பதற்குப் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். வளர்ந்த பையனாக நின்று பார்த்தபோது எனக்கு மனது பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு கல்லை எடுத்தால் பக்கத்துக் கல் எது என்று பார்த்து எடுக்கிறார்கள். பெரியப்பாவை எடுத்தபோது பக்கத்தில் அப்பா இருக்கிறார் என்று யாரும் பார்க்கவில்லை. அந்தக் கற்களின்மேல் எனக்குப் பொறாமை இருந்தது என்று சொன்னால் அதுதான் சரி. கொத்மலையில் பிறகு அணை கட்டியபோது கடதொர விகாரையை இப்படி எடுக்கவும் இல்லை. தண்ணீர் வற்றும் மாதங்களில் அது இன்றைக்கும் சேற்றிலிருந்து தலை காட்டுகிறது.

அண்ணனுக்கு எழுதினேனா? எழுதினேன். பதில் வந்தது, நீல நிற விமானக் கடிதத்தில். அங்கே தேயிலைக் கொழுந்துக்குக் கிடைத்த கூலியைப் பற்றியே பாதிக் கடிதம்.

அதற்குள் லொறிகள் குறைந்திருந்தன. 1977 தேர்தலுக்குப் பிறகு ஜே.ஆர். ஜயவர்த்தன அரசு சர்வதேச நாணய நிதியத்தின் கடனோடு கதவைத் திறந்துவிட்டது. இறக்குமதி வந்தது, மிளகாயும் வெங்காயமும் வந்தன, பாண் வரிசை போனது. எங்கள் வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம், அதை மறைக்க மாட்டேன். யாழ்ப்பாணத்தில் கிணற்றடி இயந்திரங்கள் துருப்பிடிக்கத் தொடங்கின. மண்ணெண்ணெய் விலை ஏற, மிளகாய் விலை இறங்க, நேற்று வரைக்கும் தோட்டத்தில் நின்ற இளைஞன் இன்று சும்மா நின்றான். பல்கலைக்கழகத் தரப்படுத்தல் ஏற்கெனவே அவன் படிப்பைத் தடுத்திருந்தது. வடக்கில் துப்பாக்கி எழுந்ததற்குக் காரணங்கள் பல, முதற்காரணம் அரசியல். ஆனால் சந்தையை இழந்த அந்த விவசாயி மகனைக் கணக்கில் எடுக்காமல் எழுதும் வரலாறு எனக்குக் குறையாகவே படுகிறது. கடைக்கு வந்த அந்தச் சாரதியை 1978க்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

மகாவலியும் அப்போது வேகம் பிடித்தது. முப்பது வருஷத் திட்டத்தை ஆறு வருஷத்தில் முடிப்பதென்று, விக்டோரியாவுக்கு பிரிட்டன், கொத்மலைக்குச் சுவீடன், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜெர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா என்று அணைக்கு ஒரு நாடு வந்தது. 1985 ஏப்ரலில் மார்கிரெட் தாட்சர் வந்து விக்டோரியாவைத் திறந்தார். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன், 1983 ஜூலை இனக்கலவரத்தில், மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் எரிந்தது. நாங்கள் ஒரு சிங்களக் குடும்பத்தின் கொக்கோத் தோட்டத்துக்குள் ஒளிந்திருந்தோம். அந்த வீட்டு அம்மா இரவு கறுப்புத் துணியால் சோற்றுப் பானையை மூடிக்கொண்டு வருவாள், வெள்ளைச் சோறு இருட்டில் தெரியும் என்று.

1987 ஜூலை 29. ராஜீவ் காந்தியும் ஜே.ஆரும் கொழும்பில் கையெழுத்திட்டார்கள். மறுபடி டெல்லிக்கும் கொழும்புக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம், மறுபடி அதன் கணக்கு எங்கள் வீதியில். இந்திய இராணுவம் வடக்கில் இறங்க, தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி எழுந்தது. இந்தியப் பொருள் விற்கக்கூடாது என்று சுவரொட்டி. பம்பாய் வெங்காயம் வைத்திருந்த கடைக்காரர் இரவோடு இரவாகச் சாக்கைக் கிணற்றுக்குள் போட்டார். மைசூர்ப் பருப்புக்கும் அதே கதி. ஒரு கிலோ வெங்காயத்துக்காக மனிதர் சாவார்களா என்று இப்போது கேட்கலாம். அப்போது செத்தார்கள். நான் புதிதாக ஆசிரியனாக வந்திருந்தேன். வகுப்பில் காலையில் பெயர் கூப்பிடும்போது பதில் வராத பெரிய பையன்கள் இருந்தார்கள். ஒரு பக்கம் அவர்கள், இன்னொரு பக்கம் அவர்களைத் தேடிவந்த வாகனங்கள். 2012இல் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் மண் தோண்டியபோது 150க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. யாருடையவை என்று இன்றைக்கும் தாய்மாருக்கு யாரும் சொல்லவில்லை. என் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடிட்ட பெயர்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அவை சிங்களப் பெயர்கள். அவர்களுக்காகவும் நான் அழுதிருக்கிறேன்.

லொறிகள் மறுபடி வந்தன. 2002இல் நோர்வேயின் அனுசரணையில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்தம். ஏ9 திறந்ததும் வடக்கிலிருந்து பனங்கட்டியும் கருவாடும் வந்தன, தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனம் யாழ்ப்பாணம் பார்க்கப் போனது. 2006 ஓகஸ்டில் வீதி மூடியது. அதன்பின் 2009இல் போர் முடியும் வரைக்கும் நாலந்தாவில் நின்று வடக்கே பார்த்தால் ஆமி வாகனங்கள்தான்.

வீதி என்று சொல்லும்போது அது யாருடைய காலால் உண்டானது என்பதையும் சொல்லவேண்டும். 2023இல் மலையகத் தமிழர் வந்து 200 வருஷமானதை நினைத்து, ஜூலை 28 தலைமன்னாரில் நடக்கத் தொடங்கியவர்கள் ஓகஸ்ட் 12 மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். நானும் நாவுலவிலிருந்து கொஞ்சத் தூரம் கூட நடந்தேன். என் முன்னோர் இதே பாதையில்தான் ராமநாதபுரத்துக் கரையிலிருந்து மன்னாருக்கு வந்து, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று கோப்பித் தோட்டம் தேடி நடந்திருக்கிறார்கள். காட்டுக்குள் வாந்திபேதியில் விழுந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு நடந்திருக்கிறார்கள். வெயிலில் நடந்த எங்களுக்கு வழிநெடுகச் சிங்கள ஜனமும் முஸ்லிம் ஜனமும் தண்ணீர் கொடுத்தார்கள். கூட நடந்த ஒரு பிள்ளை, "மாஸ்டர், இந்த ரோட்டுல வேற யாரு நடந்தாங்க?" என்று கேட்டாள்.

1848இல் நடந்தவர்களைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். 1847இல் பிரிட்டனில் நிதி நெருக்கடி, கோப்பி விலை சரிந்தது, தோட்டங்கள் கைவிடப்பட்டன. இலங்கை அரசின் வருமானம் விழுந்ததும் டொரிங்டன் தேசாதிபதி நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, கடைக்கு வரி, வீதி வேலைக்கு ஊழியம் என்று கிராமத்து ஜனத்தின் தலையில் ஏற்றினார். ஜூலை 26 தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். அங்கிருந்து திரண்ட கூட்டம் மாத்தளைக்கு வந்து அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கியது. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான வீர புரன் அப்புவை ஓகஸ்ட் 8 கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். லண்டனில் சரிந்த விலைக்குப் பதில் சொன்னது இந்தப் பக்கத்துச் சிங்கள விவசாயி. அதே விலையை நம்பிக் கடல் கடந்து வந்து கூலி கிடைக்காமல் நின்றது தமிழ்த் தொழிலாளி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் அந்நியன் என்று பார்த்துக்கொண்டதுதான் பிறகு எல்லா ஆட்சியாளருக்கும் வசதியாகப் போனது. அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் நடந்துவிட்டு, "அப்ப வரிசை அப்பவே இருந்திருக்கு" என்றாள். 2022 பொருளாதார நெருக்கடியின் வரிசைகளில் நின்று வளர்ந்தவள் அவள்.

2021 மே மாதம் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. டொலர் தீர்ந்துகொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பது ஊருக்கே தெரியும். நாவுல, கலேவெல, தம்புள்ளைப் பக்கத்தில் பெரிய வெங்காயம் பயிராகத் தொடங்கி நாற்பது வருஷம் இருக்கும். இலங்கையில் பெரிய வெங்காயம் என்றால் மாத்தளை மாவட்டம்தான். சிறுபோகத்தில் நட்டு ஓகஸ்ட், செப்டெம்பரில் கிண்டுவார்கள். அந்தப் போகம் கிழங்கு பருக்கவில்லை. சீனாவிலிருந்து சேதன உரம் என்று ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் வந்தது. மாதிரியில் பயிருக்குக் கேடான கிருமி இருக்கிறதென்று இலங்கை அதிகாரிகள் மறுத்தார்கள், நிறுவனம் இல்லையென்றது, பணம் கட்டாத மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. 2022 ஜனவரியில், இறக்காத உரத்துக்கு டொலரில் பணம் கட்டி விவகாரத்தை முடித்தார்கள். இடையில் இந்தியாவிலிருந்து நனோ யூரியா விமானத்தில் வந்தது. இரண்டு பெரிய நாடுகள் தங்கள் செல்வாக்கை அளந்துகொண்டிருந்தன. இங்கே ஒரு மனிதர் மனைவியின் தாலிக்கொடியை வங்கியில் வைத்து விதை வாங்கியிருந்தார்.

மூன்று மாதத்தில், 2022 ஏப்ரல் 12, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. அதற்கு முன் உக்ரைனில் போர் தொடங்கியிருந்தது, எண்ணெயும் கோதுமையும் மறுபடி ஏறின. எனக்கு 1973ஐ இரண்டாவது தரம் வாழ்வது போலிருந்தது. செப்டெம்பரில் உணவு விலை முந்தின வருஷத்தைவிட ஏறக்குறைய இரட்டிப்பு. மாத்தளை வீதியோர வாசனைத் திரவியத் தோட்டங்களில் மிளகும் ஏலமும் காய்த்துக் கிடந்தன, பார்க்க வர வெள்ளைக்காரர் இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளிலிருந்து அவர்களுக்கு இது மூன்றாவது அடி. இந்தியா அந்த வருஷம் 400 கோடி டொலர் அளவுக்குக் கைகொடுத்தது. தமிழ்நாடு 40,000 தொன் அரிசி தருவதாகச் சொல்லி மே 18 சென்னையிலிருந்து முதற்கப்பலை அனுப்பியது. அந்த மூட்டைகள் தோட்டங்களுக்கும் வந்தன. அண்ணன் கோத்தகிரியிலிருந்து போனில், "நாங்க அனுப்புன அரிசி கெடச்சுச்சா தம்பி?" என்று கேட்டார். நாங்க என்று அவர் சொன்னது அவர் வாக்குப் போடும் அரசாங்கத்தை. அவருக்கு அந்த உரிமை வந்து வெகுகாலம். அப்பாவுக்கு இங்கே வந்ததும் வெகுகாலம்தான். ஆனால் விண்ணப்பம் போட்டும் முடிவு வராமல் இருந்தவர்களுக்கு 2003இல்தான் சட்டம் வந்தது. 1983க்குப் பிறகு ஓடித் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் மலையகத்து ஜனத்தை இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தமும் சேர்க்கவில்லை. ஒப்பந்தத்தின் மிச்சம் இன்னும் முகாமில் இருக்கிறது.

அண்ணன் 2024 ஏப்ரலில் வந்தார், மகளோடு. ஐம்பது வருஷத்துக்குப் பிறகு. லயத்தைப் பார்த்தோம், அறையின் சுவர் அப்படியே இருந்தது, வேறு யாரோ குடியிருந்தார்கள். நாவுல சந்தையில் வெங்காய விலையைக் கேட்டு அவர் அதிர்ந்து போனார். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்திருந்தது. பொதுத்தேர்தல் நெருங்கிய காலம், உள்நாட்டில் விலை ஏறக்கூடாது. நாசிக் விவசாயிகள் கைக்கு வந்த விலை போய்விட்டதென்று வீதியில் இறங்கினார்கள். இங்கே எங்கள் விவசாயிக்காவது லாபமா என்றால், அவர் வெங்காயம் செப்டெம்பரிலேயே வியாபாரியிடம் போய்விட்டிருந்தது. அண்ணன் வந்த அந்த மாதத்தில்தான் இலங்கைக்கு 10,000 தொன் அனுப்ப டெல்லி தனியாக அனுமதி கொடுத்தது. "ஒரு வெங்காயத்துக்கு ரெண்டு கவருமென்டு பேசணுமா தம்பி" என்றார். பேசத்தான் வேண்டும், அண்ணே, பேசும்போது நட்டவனையும் கூப்பிட்டுப் பேசவேண்டும் என்றேன். அண்ணன் கெடிகேயைச் சுற்றி வந்து, குபேரனை அண்ணாந்து பார்த்து, "இது இங்க இல்லையே, அங்கல்ல இருந்துச்சு" என்று தண்ணீரைக் காட்டினார். அவர் மகள் மாமல்லபுரம் போல இருக்கிறதென்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அம்பன் கங்கையில் இன்னும் கீழே இப்போது மொறகஹகந்தை நீர்த்தேக்கம் இருக்கிறது. சீன வங்கியின் கடன், சீன நிறுவனத்தின் கட்டுமானம், 2018இல் திறந்தது. அதோடு இணைந்த களு கங்கை நீர்த்தேக்கத்தில் லக்கல பழைய நகரம் தண்ணீருக்குள் போனது, புது நகரம் கட்டிக்கொடுத்தார்கள். ஒரே ஆற்றில் மேலே உலக வங்கி, கீழே சீனா. கடன் மறுசீரமைப்புப் பேச்சில் இந்த இரண்டு பக்கமும் யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று தர்க்கித்ததைப் பத்திரிகையில் படிக்கும்போது, எனக்கு அந்த ஆற்றின் இரண்டு வளைவுகள்தான் கண்ணில் வரும். கடன் வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தண்ணீரில்தான் தம்புள்ளைப் பக்கம் சோறு விளைகிறது. எந்த நிபந்தனையில் வாங்குகிறோம் என்பது வாங்கும்போதே ஊருக்குத் தெரியவேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. நாணய நிதியத்தோடு 2023 மார்ச்சில் கிடைத்த 290 கோடி டொலர் உடன்பாட்டின் விபரம் இணையத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. நாவுலவில் அதைச் சிங்களத்திலோ தமிழிலோ யாரும் வந்து சொன்னதாக நான் அறியேன்.

பக்கத்து வளவில் வெங்காயம் செய்கிறவர் என் பழைய மாணவரின் தகப்பன். அவர் மகள் கார்மென்டுக்குப் போகிறாள். 2025 ஏப்ரல் 1 இந்தியா வெங்காய ஏற்றுமதி வரியை எடுத்துவிட்டது. அடுத்த நாள் அமெரிக்கா இலங்கைப் பொருளுக்கு 44 சதவீதத் தீர்வை என்றது, ஓகஸ்டில் அதை 20க்குக் குறைத்தது. இந்த இரண்டு செய்தியும் அந்த ஒரு வீட்டுக்குள் வந்தன. நாற்றுமேடை போடும் காலத்தில் அவர் பத்திரிகையோடு என்னிடம் வருவார். நான் படித்து, கணக்குப் போட்டுச் சொல்வேன். இந்த முறையும் வந்தார். "மாத்தயா, எங்கட வெங்காயம் வாற நேரம் அரசாங்கம் இறக்குமதிக்கு வரி போடுமா?" என்று கேட்டார். போன முறை போட்ட திகதியையும் போடாமல் விட்ட வருஷத்தையும் எடுத்துக் காட்டினேன். வர்த்தமானியில் வரும் வரைக்கும் யாருக்கும் நிச்சயம் சொல்ல முடியாது என்றேன். பத்திரிகையை மடித்துக்கொண்டு, "நடுற நேரம் சொன்னா நல்லம், கிண்டுற நேரம் சொல்றாங்க" என்றார். பாதி நிலத்துக்கு மட்டும் விதை வாங்கினார். மற்றப் பாதியில் சோளம் போட்டிருக்கிறார்.